தழை வெண்ணெய் சொதப்பினால் எங்கே பார்ப்பது: வேலூர் சமையலறைக்கு ஒரு பிழை நீக்கும் வழிமுறை

சமையல் குறிப்புகளில் ‘வெண்ணெயை அறை வெப்பநிலைக்கு வரவிடவும்’ என்று ஒரு வரி தவறாமல் இருக்கும். எழுதியவர் வீட்டு அறை 18, 20 டிகிரியில் குளுகுளுவென்று இருந்திருக்க வேண்டும். காட்பாடியில் எங்கள் சமையலறைத் தெர்மாமீட்டர் மே மாத மதியத்தில் 37 காட்டுகிறது. வெண்ணெய் முழுக்க உருக 35 டிகிரி போதும். அந்த வரியை நம்பி இறங்கினால் கையில் மிஞ்சுவது வெண்ணெயும் இல்லை, நெய்யும் இல்லை.

ஹெர்ப் பட்டர் என்று கடையில் விற்பதைத்தான் எங்கள் வீட்டில் தழை வெண்ணெய் என்கிறோம். மூலிகை வெண்ணெய் என்றால் நாட்டு மருந்துக் கடை ஞாபகம் வருகிறது, வேண்டாம். பிரெஞ்சுக்காரர்கள் வெண்ணெயில் பார்ஸ்லி, எலுமிச்சைச் சாறு, உப்பு கலந்து உருட்டி வைத்து, சுட்ட இறைச்சி மேலும் மீன் மேலும் ஒரு வில்லை வைப்பார்கள். நம்மிடம் கொத்தமல்லியும் புதினாவும் இருக்கின்றன. நான் வாரம் ஒரு முறை செய்கிறேன். என்னைப் பார்த்துச் செய்யத் தொடங்கிய நாத்தனார், எதிர்வீட்டு அக்கா, மாடியில் குடியிருக்கும் கல்லூரிப் பிள்ளைகள் எல்லோரும் கெட்டுப்போனதும் டப்பாவோடு என்னிடமே வந்து நிற்கிறார்கள். வருவது திரும்பத் திரும்ப அதே பதினோரு கோளாறுதான். முக்கால்வாசிக்குக் காரணம் சூடு அல்லது தண்ணீர். உங்கள் கோளாறு எதுவோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போய்விடுங்கள்.

நான் மனதில் வைத்திருக்கும் அளவு இது: உப்பில்லாத வெண்ணெய் 100 கிராம், பொடியாக அரிந்த தழை 2 மேசைக்கரண்டி, எலுமிச்சைச் சாறு 1 தேக்கரண்டி, உப்பு கால் தேக்கரண்டி. விருப்பமிருந்தால் பூண்டு 2 பல். கலந்து, பட்டர் பேப்பரில் உருளையாகச் சுற்றி, இரண்டு மணி நேரம் பிரிட்ஜில் வைத்து, வில்லையாக நறுக்கிப் பயன்படுத்துவது.

கலக்கும்போதே நெய்யாக ஓடுகிறது

முதலில் எந்த அளவுக்கு ஓடுகிறது என்று பாருங்கள். விரலால் அழுத்தினால் குழி விழுந்து அப்படியே நிற்க வேண்டும், அதுதான் பதம். விரல் தடையில்லாமல் உள்ளே போகிறது, ஆனால் நிறம் இன்னும் மங்கலாகத்தான் இருக்கிறது என்றால் காப்பாற்றலாம். கிண்ண ஓரத்தில் தெளிந்த எண்ணெய் தனியாக நிற்கிறது என்றால் அது கைவிட்டுப் போய்விட்டது.

*மங்கலாக, தளர்வாக இருந்தால்:* பெரிய பாத்திரத்தில் ஐஸ் கட்டியும் தண்ணீரும் போட்டு, கலவைக் கிண்ணத்தை அதன்மேல் உட்கார வைத்து, மரக்கரண்டியால் இரண்டு மூன்று நிமிடம் கிளறுங்கள். மறுபடி கெட்டிப்பட்டு வரும். அப்படியே ஃப்ரீஸரில் வைத்துவிட்டு டிவி பார்க்கப் போகக் கூடாது. ஓரம் கல்லாகி நடு கூழாக நிற்கும்.

*எண்ணெய் பிரிந்திருந்தால்:* பிரிட்ஜில் வைத்தாலும் பழைய வெண்ணெய் திரும்பி வராது. இறுகும், ஆனால் நாக்கில் குருணை குருணையாகத் தட்டும். இதைத் தூக்கிப் போடவும் வேண்டாம். அடுப்பிலேற்றி நெய்யாகக் காய்ச்சி வடிகட்டிவிடுங்கள். நெய் இறக்கும் நேரத்தில் முருங்கைக்கீரை போடுவது நம் வழக்கம்தானே, அந்த வரிசையில் கொத்தமல்லியும் ஒன்று. பூண்டு போட்டிருந்தால் மட்டும் அந்த நெய் தோசைக்கும் பரோட்டாவுக்கும்தான் ஆகும். கேசரிக்கு எடுத்துவிடாதீர்கள், நான் ஒரு முறை எடுத்தேன்.

சரி, ஏன் ஓடியது? செலவில்லாத காரணத்திலிருந்து பார்ப்போம்.

முழுப் பொட்டலத்தை வெளியே எடுத்து வைத்துவிட்டு மறந்துபோவது. பெரிய கட்டி வெளியே உருகும்போது உள்ளே இரும்பாக இருக்கும். உள்ளேயும் இளகட்டும் என்று காத்திருந்தால் வெளிப்பக்கம் ஓடிவிடும். சின்னச் சின்னத் துண்டாக நறுக்கித் தட்டில் பரப்பினால் மார்கழியில் இருபது நிமிடம், சித்திரை வைகாசியில் ஐந்து நிமிடம். கடிகாரத்தை நம்புவதைவிட விரலை நம்புங்கள்.

வைத்த இடம். பிரிட்ஜ் தலைமேல் வைப்பவர்கள் நிறையப் பேர். அந்த இடம் எப்போதும் இளஞ்சூடுதான். அடுப்பு மேடை, மேற்குப் பார்த்த ஜன்னல் ஓரம் இரண்டும் அதே கதை.

நேரம். கோடையில் நான் காலை ஐந்தரைக்குச் செய்துவிடுகிறேன். வேலூரில் அந்த ஒரு மணி நேரம்தான் வெண்ணெய்க்குச் சாதகமானது. பதினொரு மணிக்குமேல் தொடங்கினால் ஐஸ் தண்ணீர்க் கிண்ணம் பக்கத்திலேயே இருக்கட்டும்.

மிக்ஸி. பிளேடு சுற்றும் வேகத்திலேயே வெண்ணெய் சூடாகிவிடும். 100 கிராமுக்கு ஒரு முள்கரண்டி போதும்.

இவ்வளவும் சரியாக இருந்தும் ஓடினால் லேபிளைப் பாருங்கள். ஆற்காட்டு மக்கன் பேடா என்ற இனிப்பில் பெயரில்தான் மக்கன், அதாவது வெண்ணெய், உள்ளே இருப்பது கோவா. அதுபோல சில டப்பாக்களில் படத்தில் மட்டும்தான் வெண்ணெய், உள்ளே இருப்பது தாவர எண்ணெயில் செய்த ஃபேட் ஸ்ப்ரெட். அதில் தண்ணீர் அதிகம், எத்தனை குளிர வைத்தாலும் வில்லை போட வராது. டேபிள் பட்டர் என்றால் சட்டப்படி பால் கொழுப்பு குறைந்தது 80 சதவீதம் இருக்க வேண்டும். சமையலுக்கு விற்கும் வெள்ளை வெண்ணெய்க்கு 76 போதும், அது கொஞ்சம் இளகலாகவே இருக்கும், குற்றமில்லை.

உருளையிலிருந்து தண்ணீர் கசிகிறது

அதிகம் வரும் புகார் இதுதான். ‘பாலாற்றில் இல்லாத தண்ணீர் உன் வெண்ணெயில் எங்கேயிருந்து வந்தது?’ என்று என் மாமியார் கேட்ட நாளிலிருந்து இதைக் கவனித்து வருகிறேன். விடை அந்தத் தண்ணீரின் நிறத்திலேயே இருக்கிறது. பேப்பரைப் பிரித்து ஒரு வெள்ளைத் தட்டில் வடிய விடுங்கள்.

*பச்சையாக வடிந்தால்* தழை ஈரமாக இருந்திருக்கிறது. மார்க்கெட்டில் கட்டு வாடாமல் இருக்க விடிய விடியத் தண்ணீர் தெளிக்கிறார்கள். நேதாஜி மார்க்கெட்டில் காலை வாங்கும் கொத்தமல்லிக் கட்டை உதறினால் முழங்கை வரை நனைகிறது. அதை வீட்டுக்கு வந்து மேலும் அலசி, இரண்டு உதறு உதறி அரிந்தால் வெண்ணெயில் குளம் கட்டாமல் என்ன செய்யும்? முந்தின நாள் இரவே அலசி, காம்போடு வேட்டித் துணியில் பரப்பி மின்விசிறிக்கடியில் விடுங்கள். கோடையில் இரண்டு மணி நேரம் போதும், அதற்குமேல் விட்டால் சருகாகிவிடும். பரிசோதனை எளிது: ஒரு பிடி இலையைச் செய்தித்தாளுக்கு நடுவில் வைத்து உள்ளங்கையால் அழுத்துங்கள். தாளில் ஈரத்தடம் விழுந்தால் இன்னும் நேரம் ஆகவில்லை. இலை காய்ந்திருந்தும் பச்சைத் தண்ணீர் வந்தால், உப்பை இலையோடு முதலிலேயே பிசைந்துவிட்டீர்கள். உப்பு இலையிலிருந்து சாற்றை இழுத்துவிடும். வெண்ணெயும் தழையும் சேர்ந்தபிறகு கடைசியாக உப்பைப் போடுங்கள். இன்னொன்று, கற்பூரவல்லி இலை பார்க்கத்தான் இலை, உள்ளே முழுக்கத் தண்ணீர். அதை எண்ணெயில்லாமல் வாணலியில் வாட்டி, ஆறவைத்துத்தான் சேர்க்க வேண்டும். வெங்காயத்தாளில் பச்சைப் பகுதி மட்டும் போதும்.

*வெள்ளைக் கலங்கலாக வடிந்தால்* அது மோர். வீட்டில் கடைந்த வெண்ணெயைச் சரியாகக் கழுவவில்லை. ஐஸ் தண்ணீர் ஊற்றி, கரண்டியால் மடித்து மடித்து அழுத்திக் கழுவுங்கள். மூன்றாவது, நான்காவது தண்ணீர் தெளிந்து வரும்வரை விடாதீர்கள். அப்புறம் மெல்லிய துணியில் கட்டிப் பிழிந்துவிட்டு, பலகையில் வைத்துக் கரண்டி முதுகால் தேய்த்தால் இன்னும் சொட்டுச் சொட்டாக வெளியே வரும். இதை அலுப்புப்படாமல் செய்தவர் வெண்ணெய்தான் ஒரு வாரம் தாங்கும்.

*தெளிந்த தண்ணீர், நக்கினால் புளிப்பு* என்றால் எலுமிச்சை. 100 கிராமுக்கு 1 தேக்கரண்டிக்கு மேல் வெண்ணெய் ஏற்காது. அதையும் சொட்டு விட்டுக் கிளறி, சொட்டு விட்டுக் கிளறிச் சேர்க்க வேண்டும். புளிப்பு போதவில்லை என்றால் சாற்றைக் கூட்டாமல் தோலின் மஞ்சள் பகுதியைத் துருவிப் போடுங்கள்.

*பேப்பருக்கு வெளியே மட்டும் முத்து முத்தாக* இருந்தால் ஒன்றுமே இல்லை. குளிர்ந்த பொருளை நம் ஊர்க் காற்றில் வைத்தால் வேர்க்கத்தான் செய்யும். துடைத்துவிட்டு உள்ளே வையுங்கள்.

ஏற்கெனவே கசிந்த உருளையை வடித்துவிட்டு, குளிர்ந்த கிண்ணத்தில் மறுபடி அடித்து உருட்டலாம். ஆனால் அதை இரண்டு நாளில் தீர்த்துவிடுங்கள்.

ஆடையிலிருந்து வெண்ணெய் திரளவே மாட்டேன் என்கிறது

பாக்கெட் வெண்ணெய் வாங்குபவர்கள் இதைத் தாண்டலாம்.

ஆடை சேர்த்து, உறை ஊற்றி, மிக்ஸியில் அடிப்பவர்களுக்கு ஒரே கேள்விதான்: கலவை இப்போது எப்படி இருக்கிறது? நுரைத்து, பொங்கி, ஜார் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு அசையாமல் நின்றால் குளிர் அதிகம். வெதுவெதுப்பான தண்ணீர் அரை டம்ளர் விட்டு, விட்டு விட்டு அடியுங்கள். பளபளவென்று எண்ணெய் பூசினாற்போல் இருந்து உருண்டை சேரவில்லை என்றால் சூடு அதிகம். ஐஸ் தண்ணீர் ஊற்றி, ஜாரோடு பத்து நிமிடம் பிரிட்ஜில் வைத்துவிட்டு அடியுங்கள். மார்கழியில் முதலாவது வரும், மற்றப் பதினோரு மாதமும் வேலூரில் இரண்டாவதுதான்.

இரண்டும் இல்லை, தண்ணீராகவே ஆடிக்கொண்டிருக்கிறது என்றால் ஆடையே போதவில்லை. ஆவின் ஆரஞ்சுப் பாக்கெட்டில் 6 சதவீதம் கொழுப்பு, நீலத்தில் 3. நீலப் பாக்கெட் பாலில் ஆடை எடுத்து வெண்ணெய் திரட்டுகிறேன் என்று பத்து நாள் சேர்த்துவைத்தால் புளித்து நாறுவதற்குத்தான் வழி. எருமைப்பால் கிடைத்தால் நல்லது. வெண்ணெய் வெள்ளை வெளேரென்று இருக்கும், தழையின் பச்சை அதில் எடுப்பாகத் தெரியும். மஞ்சளாக இல்லையே என்று சந்தேகப்பட வேண்டாம்.

தழை கருத்துவிட்டது

புதினா போட்டவர்களின் புகார் இது. அடுத்த நாள் காலை உருளையை வெட்டினால் உள்ளே கரித்துண்டு போலக் கிடக்கும். சாப்பிட்டால் ஒன்றும் ஆகாது, பார்க்கத்தான் மனது வராது.

கத்தியிலிருந்து தொடங்குங்கள். மொண்ணைக் கத்தி இலையை வெட்டாது, நசுக்கும். நசுங்கிய இடமெல்லாம் கருக்கும். இரும்பு அரிவாள்மணையிலும் புதினா சீக்கிரம் கருக்கிறது. கூர்மையான ஸ்டீல் கத்தியால், இலையைச் சுருட்டி, ஒரே பக்கமாக அரியுங்கள். முன்னும் பின்னும் கொத்தக் கூடாது. அரிந்ததை உடனே வெண்ணெயில் சேர்த்துவிட வேண்டும். அரிந்து வைத்துவிட்டு ஃபோன் பேசப் போனால் அங்கேயே பாதி கருத்துவிடும்.

அப்படியும் கருத்தால், கொதிக்கும் தண்ணீரில் இலையைப் பத்து விநாடி முக்கி எடுத்து ஐஸ் தண்ணீரில் போட்டு, நன்றாகப் பிழிந்து உலர்த்திச் சேருங்கள். பச்சை நிற்கும், வாசனை கொஞ்சம் குறையும். எனக்கு வாசனைதான் முக்கியம், அதனால் வீட்டுக்குச் செய்யும்போது இதைச் செய்வதில்லை. விருந்தாளி வந்தால் மட்டும்.

கறிவேப்பிலைக்கு இதெல்லாம் வேண்டாம். பச்சையாகப் போட்டால் நார்போல வாயில் நிற்கும். மொறுமொறுவென்று வறுத்து, கையால் நொறுக்கிப் போடுங்கள். அது கருப்பாகத்தான் இருக்கும், அப்படியே அழகு.

கசக்கிறது

தழையை மிக்ஸியில் அரைத்தீர்களா? அதுதான். கொத்தமல்லித் தண்டு பரவாயில்லை, புதினாத் தண்டு கசக்கும், கிள்ளிவிடுங்கள். எலுமிச்சைத் தோல் துருவும்போது வெள்ளைப் பகுதி வரை போனாலும் கசக்கும். பழைய பூண்டின் நடுவில் பச்சைக் குருத்து விட்டிருந்தால் அதைப் பிளந்து எடுத்துவிட வேண்டும். பூண்டை வதக்கிப் போடுபவர்கள் பொன்னிறத்துக்கு ஒரு படி முன்பே இறக்குங்கள், மிச்சத்தை வாணலியின் சூடு பார்த்துக்கொள்ளும்.

வெந்தயக்கீரை போட்டுவிட்டுக் கசக்கிறது என்று வந்தவருக்கு நான் ஒன்றும் சொல்லவில்லை.

கசந்துபோனதைச் சரிசெய்ய வழி ஒன்றுதான்: அதே அளவு புது வெண்ணெய் சேர்த்து நீர்த்துப்போகச் செய்வது. ஒரு சிட்டிகைச் சர்க்கரை உதவும், பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம்.

உப்புக் கரிக்கிறது

உப்பு வெண்ணெயில் மேலும் உப்பு போட்டிருக்கிறீர்கள். டேபிள் பட்டரில் உப்பு 3 சதவீதம் வரை இருக்கலாம். உப்பில்லாத வெண்ணெய் பாதிக்குப் பாதி சேர்த்துக் கலந்தால் தீர்ந்தது. இல்லாவிட்டால் வேகவைத்த மக்காச்சோளத்தின்மேல் தடவுங்கள், அதற்கு அந்த உப்பு சரியாக இருக்கும்.

காறல் வாடை அடிக்கிறது

வாடை எங்கிருந்து என்று பிரித்துப் பாருங்கள். கத்தியால் மேலே ஒரு படலம் சீவி எறிந்துவிட்டு உள்ளே முகருங்கள்.

உள்ளே நன்றாக இருந்தால் பிரிட்ஜ் வாடை ஏறியிருக்கிறது. வெண்ணெயைப் போல வாடை பிடிக்கும் பொருள் வேறில்லை. நறுக்கிய வெங்காயம், கருவாட்டுக் குழம்பு, பலாச்சுளை எது பக்கத்தில் இருந்தாலும் இரண்டு நாளில் அதன் வாசனைக்கு மாறிவிடும். பட்டர் பேப்பரில் சுற்றி, அதை மூடி இறுகும் எவர்சில்வர் டப்பாவில் வையுங்கள். வெறும் பேப்பர் போதாது. கதவுத் தட்டில் வைக்காதீர்கள், பிரிட்ஜிலேயே அதிகம் சூடு ஏறும் இடம் அதுதான்.

உள்ளேயும் காறினால் வெண்ணெயே பழையது, அல்லது ஆடையை வாரக்கணக்கில் சேர்த்திருக்கிறீர்கள். நான் ஐந்து நாளுக்குமேல் சேர்ப்பதில்லை, அதற்குமேல் ஆனால் ஃப்ரீஸரில் சேர்க்கிறேன். காறிய வெண்ணெயை எந்தத் தழையும் மறைக்காது. கோலம் போட்ட பூஞ்சை, கொழகொழப்பு, டப்பாவைத் திறந்ததும் காற்று பிரியும் சத்தம், இதில் எது இருந்தாலும் மேலே சீவிவிட்டுச் சாப்பிடும் வேலை வேண்டாம். முழுதாகக் குப்பைக்குப் போகட்டும்.

நல்ல நிலையில் தழை வெண்ணெய் பிரிட்ஜில் ஐந்து நாள், ஃப்ரீஸரில் இரண்டு மூன்று மாதம். வில்லை வில்லையாக நறுக்கி, ஒட்டாமல் தட்டில் உறைய வைத்து, பிறகு டப்பாவில் போட்டால் வேண்டிய அளவு மட்டும் எடுக்கலாம்.

பூண்டு போட்டது, வெளியே மறந்துவிட்டேன்

இதற்குப் பரிசோதனையே கிடையாது. வெயில் காலத்தில் ஒரு மணி நேரத்துக்குமேல் வெளியே இருந்திருந்தால் எறிந்துவிடுங்கள்.

இது நான் பயமுறுத்துவதற்காகச் சொல்வது அல்ல. மண்ணிலிருந்து வரும் பூண்டில் பொட்டுலிசம் என்ற நச்சு நோயை உண்டாக்கும் கிருமியின் வித்துகள் ஒட்டியிருக்கலாம். கொழுப்புக்குள் காற்றுப்படாமல் சூட்டில் கிடந்தால் அவை முளைக்கும். வதக்கினாலும் வித்துகள் சாவதில்லை. 1985-இல் கனடாவின் வான்கூவரில் எண்ணெயில் ஊறிய பூண்டால் 36 பேர் நோயில் விழுந்தார்கள். வாடையோ நிறமோ மாறாது, அதனால் முகர்ந்து பார்த்து முடிவு செய்ய முடியாது. பூண்டு வெண்ணெய் பிரிட்ஜில் நான்கு நாள், அதற்குமேல் என்றால் செய்த அன்றே ஃப்ரீஸர். இந்த ஒரு விஷயத்தில் நான் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை.

சாப்பிட்ட பிறகு சில மணி நேரத்திலோ சில நாளிலோ கண் இரண்டிரண்டாகத் தெரிவது, இமை தொங்குவது, நாக்கு குழறுவது, விழுங்க முடியாமல் போவது ஏதாவது தெரிந்தால் கஷாயம் வைத்துப் பார்க்கும் நேரம் அல்ல. 108-ஐக் கூப்பிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். என்ன சாப்பிட்டோம், எப்போது சாப்பிட்டோம் என்று சொல்லுங்கள். மிச்சம் இருந்தால் டப்பாவையும் எடுத்துப் போங்கள்.

கல்லாக இருக்கிறது, ரொட்டி கிழிகிறது

காரட் துருவியில் துருவிவிடுங்கள். துருவல் ரொட்டிமேல் விழுந்ததும் இளகிவிடும். நம் ஊரில் இதற்காக அடுப்பு பற்ற வைக்க வேண்டியதில்லை. மைக்ரோவேவ் வைத்திருப்பவர்கள் அதில் வைத்து நடுவில் மட்டும் உருக்கிவிடுகிறார்கள், வேண்டாம்.

தோசைக்கல்லில் போட்டதும் கருகுகிறது

தழை வெண்ணெய் பொரிக்க அல்ல, முடிக்க. வெண்ணெயில் இருக்கும் பால் சத்து, தழை, பூண்டு மூன்றுமே கல்லின் சூட்டில் கரியாகும். மீனையோ பனீரையோ கடலை எண்ணெயில் பொரித்து, அடுப்பை அணைத்த பிறகு ஒரு வில்லை வையுங்கள். சப்பாத்தியைக் கல்லிலிருந்து தட்டுக்கு மாற்றியபின் தடவுங்கள். இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காய் கிடைக்கும் பருவத்தில், வட்டமாக நறுக்கி எண்ணெயில் இரு பக்கமும் சிவக்கவிட்டு, சூடாக இருக்கும்போதே மேலே கொத்தமல்லி வெண்ணெய் ஒரு வில்லை வைத்து மூடிவிடுங்கள். இரண்டு நிமிடத்தில் கத்தரிக்காய் அதைக் குடித்துவிடும். எங்கள் வீட்டில் ரொட்டியைவிட இதற்குத்தான் வெண்ணெய் அதிகம் செலவாகிறது.

என்ன செய்தும் உருளை இறுகவில்லை

மேலே சொன்னது எல்லாம் சரியாக இருந்து, இரவு முழுக்க வைத்தும் காலையில் அழுத்தினால் குழி விழுகிறது என்றால் குற்றம் வெண்ணெயில் இல்லை, பிரிட்ஜில். ஒரு டம்ளர் தண்ணீரில் தெர்மாமீட்டரைப் போட்டு நடுத்தட்டில் இரவு முழுக்க வையுங்கள். காலையில் 4 டிகிரி அல்லது அதற்குக் கீழே காட்ட வேண்டும். அதைத் தாண்டினால் கீழே உள்ளவற்றை வரிசையாகப் பாருங்கள்.

திருகு எந்த எண்ணில் இருக்கிறது? குளிர்காலத்தில் குறைத்ததைக் கோடையில் கூட்ட மறந்திருப்போம். சூடான சாம்பாரை அப்படியே உள்ளே வைக்கும் பழக்கம் இருந்தால் அதை நிறுத்துங்கள். இரவு மின்தடை இருந்ததா? கதவைத் திறக்காமல் விட்டால் பிரிட்ஜ் நான்கு மணி நேரம் குளிரைப் பிடித்து வைக்கும், திறந்து திறந்து பார்த்தால் தாங்காது.

கதவு ரப்பர். ஒரு தாளை இடுக்கில் வைத்துக் கதவை மூடி இழுங்கள். வழுக்கிக்கொண்டு வந்தால் அந்த இடத்தில் குளிர் கசிகிறது. முதலில் சோப்புத் தண்ணீரால் துடைத்துப் பாருங்கள், பாதி நேரம் அழுக்குதான். கிழிந்திருந்தால் ரப்பரை மட்டும் மாற்றலாம், பெரிய செலவில்லை.

பின்பக்கக் கம்பி வலை. பிளக்கைப் பிடுங்கிவிட்டுத் தூசியைப் பிரஷ்ஷால் தட்டுங்கள். சுவரோடு ஒட்டி வைத்திருந்தால் ஒரு சாண் தள்ளி வையுங்கள்.

ஃப்ரீஸரில் ஐஸ் அரை விரல் கனத்துக்கு ஏறியிருந்தால் அணைத்துவிட்டுத் தானாகக் கரைய விடுங்கள். கத்தியால் குத்தாதீர்கள். ஐஸில் புதைந்த ஒரு புதினா உருளையை எடுக்க நான் குத்தினேன். உஸ்ஸென்று ஒரு சத்தம், அவ்வளவுதான், கேஸ் போய்விட்டது. அந்த மாதப் பால் கணக்கைவிட அதிகமாகச் செலவானது, 100 கிராம் வெண்ணெய்க்காக. அப்படிச் சத்தம் கேட்டால் ஜன்னல்களைத் திறந்துவிடுங்கள், அடுப்பைப் பற்ற வைக்காதீர்கள். புதிய பிரிட்ஜ்கள் பலவற்றில் இருப்பது தீப்பிடிக்கக்கூடிய வாயு.

மெக்கானிக்கைக் கூப்பிட வேண்டிய இடம் இது: கம்ப்ரசர் நிற்காமல் ஓடியும் குளிரவில்லை, அல்லது சில நிமிடத்துக்கு ஒரு முறை டக்கென்று நின்று நின்று ஓடுகிறது, பின்னால் குழாயில் எண்ணெய்க் கறை தெரிகிறது, தொட்டால் ஷாக் அடிக்கிறது. கடைசியாகச் சொன்னது இருந்தால் மெயினை அணைத்துவிட்டுத்தான் அடுத்த வேலை. மே மாதத்தில் ஸ்டெபிலைசர் அடிக்கடி கட் ஆனால் வோல்டேஜ் குறைவு. அதை மெக்கானிக் சரிசெய்ய முடியாது. தெருவில் எல்லோர் வீட்டிலும் அப்படியா என்று கேட்டு, ஆமென்றால் மின்வாரியத்தில் புகார் கொடுங்கள். மெக்கானிக் வந்து ‘கேஸ் போட்டால் சரியாகிவிடும்’ என்றால் அந்தப் பதிலை உடனே ஏற்காதீர்கள். எங்கே கசிகிறது என்று கண்டுபிடித்து அடைக்காமல் கேஸ் மட்டும் நிரப்பினால் சில மாதத்தில் மறுபடி அவரையே கூப்பிட வேண்டிவரும்.

அவர் நாளை வருகிறேன் என்று சொல்லி நாலாம் நாள் வருவார். அதுவரை உருளைகளை எதிர்வீட்டு அக்கா ஃப்ரீஸரில் கொடுத்து வைப்பேன். திரும்ப வாங்கும்போது ஒன்று குறையும். கேட்டால், ‘வாடகைம்மா’ என்பார்.